அம்மன் சந்நிதியில் சத்தியம் செய்தும் நிற்காத குடி, கூட்டத்துக்குப் போனால் நிற்குமா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருப்பது ஒட்டுசுட்டான் பக்கம். கணவர் மேசன் வேலை. பத்து வருடமாகக் குடி, கடைசி மூன்று வருடமாகக் காலையிலேயே தொடங்கிவிடுகிறது. வற்றாப்பளை அம்மன் பொங்கலில் இரண்டு தரம், மடு மாதா கோயிலில் ஒரு தரம், இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஆகக் கூட நின்றது 19 நாள். இப்போது "சாமியும் இல்லை, ஒண்டும் இல்லை" என்று சொல்லிக் கோயில் வாசலையே மிதிக்கிறாரில்லை. குடியை விட்டவர்கள் கூடிக் கதைக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அங்கேயும் கடவுளை வைத்துத்தான் எல்லாம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். "கும்பிட்டு நிற்காத குடி, குடிகாரர்களோடு இருந்து கதைத்தால் நிற்குமா?" என்று கேட்கிறீர்கள்.

அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் பட்டது. நீங்கள் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்ததை இரண்டு தரம் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பக்தி பொய்யா, அல்லது என்னுடைய விரதத்தில்தான் குறையா என்று உங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் போல. இரண்டுமே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஏன் என்று விளக்கக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 2010இல், சனம் திரும்பி வந்து தறப்பாள் கட்டிக் குடியேறிய காலத்தில் இருந்து வன்னியில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். ஒன்பது வருடமாக ஒரு முன்பள்ளிக் கட்டடத்தில் ஞாயிறு பின்னேரம் நடக்கும் கூட்டத்துக்கு உதவியாக இருக்கிறேன். நான் குடித்தவன் இல்லை. ஆகவே குடிக்கும் தவிப்பு உள்ளே எப்படி இருக்கும் என்பதை நான் கேட்டு அறிந்ததுதான், அனுபவித்து அறிந்ததில்லை. கீழே சொல்லும் ஆட்களின் ஊரையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன்.

சாமியைப் பற்றியும் கூட்டத்தைப் பற்றியும் கதைப்பதற்கு முன்னால் ஒன்று. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலையில் எழும்பியவுடன் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர் திடீரென்று நிறுத்தக்கூடாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, நித்திரையின்மை எல்லாம் வரும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளில் இருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு ஆளே தடுமாறிப்போய், இல்லாத ஆட்களைக் கண்டு கதைப்பார்கள், சுவரில் பூச்சி ஊருகிறது என்பார்கள். இது உயிரைக் கொண்டுபோகக் கூடியது. கோயில் திருவிழாவில் சத்தியம் செய்து இரண்டாம் நாள் வீதியில் விழுந்து இழுத்த ஒருவரைப் பேய் பிடித்தது என்று நினைத்து வேப்பிலை அடித்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நல்லகாலம், ஒரு முச்சக்கரவண்டிக்காரப் பெடியன் யாரையும் கேளாமல் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவில் இதற்கு வைத்தியம் இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. ஒரு கிழமை அளவு வைத்திருந்து, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் குளிசையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் என்ற விற்றமினை ஏற்றுவார்கள். அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை "இண்டையில இருந்து ஒரு சொட்டும் இல்லை" என்று மறித்து வைக்காதீர்கள். அந்த 19 நாளின் முதல் மூன்று நாளை அவர் எப்படிக் கடந்தார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த தரமும் அப்படியே தப்புவார் என்று நம்பி இருக்க வேண்டாம்.

சரி, இனிச் சத்தியத்துக்கு வருகிறேன். வற்றாப்பளையில், கடல்நீரில் விளக்கெரிகிற சந்நிதியில், ஊரே பார்த்து நிற்க, ஒரு மனுசன் கற்பூரத்தைத் தொட்டு "இனி என் சீவியத்தில தொடமாட்டன்" என்று சொன்னால் அந்த நேரம் அவர் பொய் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அப்படிப் பொய்ச் சத்தியம் செய்த ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. பிழை அந்தச் சத்தியத்தின் அளவில் இருக்கிறது. சீவியம் முழுவதையும் ஒரே மூச்சில் தூக்கித் தலையில் வைக்கிறார். அதை உடைக்க ஒரு மிடறு போதும். உடைந்த பிறகு அம்மனுக்கு முகம் கொடுக்க முடியாது, பிள்ளைகளுக்கு முகம் கொடுக்க முடியாது. அந்த வெட்கத்தை மறக்க அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான், அதுவும் போத்தலுக்குள் இருக்கிறது. இருபதாம் நாள் குடித்த முதல் கிளாஸ் ஆசையில் குடித்ததாக இருக்கலாம். அதற்குப் பிறகு குடித்ததெல்லாம் வெட்கத்தில் குடித்தது. சாமி இல்லை என்று உண்மையிலேயே நினைப்பவன் கோயில் வாசலைக் கண்டு ஒதுங்கிப் போகமாட்டான், சும்மா கடந்து போவான். உங்கள் கணவர் ஒதுங்கிப் போகிறார் என்றால் அவருக்குள் நம்பிக்கை இன்னும் இருக்கிறது, அது அவரைச் சுடுகிறது.

நம் ஊரிலேயே எல்லாரும் கண்ட ஒரு விசயத்தைச் சொல்கிறேன். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். வருடம் முழுக்கத் தவறணையில் கிடக்கிறவர் கார்த்திகையில் மாலை போட்டால் 41 நாள் ஒரு சொட்டுத் தொடமாட்டார். மாலை கழற்றிய அன்றிரவே பழைய இடத்தில் இருப்பார். "பாத்தீங்களா, எல்லாம் நடிப்பு" என்று சனம் சொல்லும். எனக்கு அது நடிப்பாகத் தெரியவில்லை. அந்த 41 நாளும் அவரைச் சுற்றி என்ன இருந்தது என்று எண்ணிப்பாருங்கள். கழுத்தில் மாலை. காணுகிறவன் எல்லாம் "சாமி" என்று கூப்பிடுகிறான், நேற்று வரை குடிகாரன் என்றவனும் சேர்த்து. விடியப் பச்சைத்தண்ணீரில் தோய்ச்சல். சாப்பாட்டுக்கு ஒரு ஒழுங்கு. பின்னேரம் பசனை, அங்கே தன்னைப் போலவே மாலை போட்ட பத்துப் பேர். கேள்வி கேட்க ஒரு குருசாமி. ஒருநாள் பசனைக்கு வராவிட்டால் யாராவது வீட்டுக்குத் தேடி வருவார்கள். 42ஆம் நாள் இதெல்லாம் ஒரேயடியாகப் போய்விடுகிறது. மாலையோடு சேர்த்து ஆட்களையும் கழற்றிவிடுகிறோம். குடியை விட்டவர்களின் கூட்டம் என்று சொல்கிறார்களே, அது அந்த மாலையைக் கழற்றாமல் வைத்திருக்கும் ஒரு ஏற்பாடு என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கூட்டத்தின் தொடக்கம் எப்படி என்று தெரிந்தால் உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். பில் வில்சன் என்ற அமெரிக்கர், நியூயோர்க்கில் பங்குத் தரகர், பெருங்குடி. பழைய குடிச் சிநேகிதர் ஒருவர் கடவுள் பக்தியால் குடியை விட்டதைக் கண்டு, 1934 முடிவில் தானும் விட்டார். விட்ட கையோடு மற்றக் குடிகாரர்களைத் திருத்தப் புறப்பட்டார். ஐந்து ஆறு மாதம் ஓடித் திரிந்தும் ஒருவர்கூட நிற்கவில்லை. ஆனால் அந்த ஐந்து ஆறு மாதமும் அவர் குடிக்கவில்லை. 1935 மே மாதம் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகருக்கு ஒரு வியாபார விசயமாகப் போனார். அது சரிவரவில்லை. கையில் காசில்லாமல் ஹோட்டல் முன்மண்டபத்தில் தனியாக நிற்கிறார், ஒரு பக்கம் மதுச்சாலையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அந்த நேரம் அவர் தேடியது இன்னொரு குடிகாரரை. தொலைபேசியை எடுத்து, ஒரு தேவாலயப் போதகரையும் அவர் சொன்ன ஆட்களையும் ஒவ்வொருவராக அழைத்து, நான் கதைப்பதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அப்படித் தேடிப் பிடித்த ஆள்தான் டொக்டர் பொப் ஸ்மித், சத்திரசிகிச்சை வைத்தியர், அவரும் பெருங்குடி. கால் மணித்தியாலத்துக்குமேல் இருக்கமாட்டேன் என்று வந்தவர் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இருந்து கதைத்தார். வில்சன் அன்று புத்தி சொல்லவில்லை, தன் கதையை மட்டும் சொன்னார். டொக்டர் பிறகு ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் ஒருமுறை சறுக்கினார். அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படுவது 1935 யூன் 10. அந்த நாளைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பின் பிறந்தநாளாக இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள். அமைப்பைத் தொடக்கிய இருவரில் ஒருவரே ஒருமுறை சறுக்கியவர் என்பதை உங்கள் கணவருக்கு யாராவது சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வதைவிட, தானும் சறுக்கிய ஒருவர் சொன்னால் நல்லது.

அங்கே கடவுளை வைத்துத்தான் எல்லாம் என்று உங்களுக்குச் சொன்னது பாதி உண்மை. அவர்களுக்குப் பன்னிரண்டு படிகள் இருக்கின்றன, அதில் பல இடத்தில் கடவுள் வருகிறார். ஆனால் 1939இல் அவற்றை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நம்பிக்கையில்லாத உறுப்பினர்கள் சண்டை பிடித்ததால், "நாங்கள் அவரை எப்படி விளங்கிக்கொள்கிறோமோ அப்படி" என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். எங்கள் ஞாயிறு கூட்டத்தில் நாகதம்பிரானைக் கும்பிடுகிறவரும் இருக்கிறார், அந்தோனியாரைக் கும்பிடுகிறவரும் இருக்கிறார். ஒருத்தருக்கு இரணைமடுக் குளக்கட்டில் தனியாக நிற்கும்போது வரும் அமைதிதான் கடவுள், வேறு ஒன்றும் சொல்லமாட்டார். சேர்வதற்கு ஒரேயொரு தகுதிதான்: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். அந்தப் படிகளை நம் பேச்சில் சொன்னால் இவ்வளவுதான். என்னால் தனியே முடியவில்லை என்று வாயால் ஒப்புக்கொள்வது. என்னைவிடப் பெரிய ஒன்றிடம் அதை விடுவது. செய்த பிழைகளை மறைக்காமல் ஒருவரிடம் சொல்வது. கெடுத்தவற்றை முடிந்தவரை சீர்செய்வது. பிறகு இன்னொருவருக்குக் கை கொடுப்பது. இதில் புதிதாக ஒன்றும் இல்லை, சைவத்திலும் கிறிஸ்தவ வேதத்திலும் இருப்பதுதான். புதிதாக இருப்பது அளவு. சீவியம் முழுவதையும் கேட்கமாட்டார்கள், இன்றைக்கு ஒரு நாள் மட்டும். நாளைக்கு என்ன செய்வாய் என்று யாராவது கேட்டால், நாளைக்கு விடிந்த பிறகு பார்ப்போம் என்று சொல்லச் சொல்வார்கள். உங்கள் கணவர் 19 சத்தியங்களைக் காப்பாற்றியவர். அவர் அதை அப்படி எண்ணவில்லை, யாரும் அவருக்கு எண்ணிக் காட்டவுமில்லை.

குடிகாரர்களோடு இருந்து கதைத்தால் என்ன வரும் என்று கேட்டீர்கள். எனக்கு அதை விளங்கவைத்தது ஒரு கிளாஸ் பிளேன்ரீ. முன்பள்ளிக் கதிரைகள் எல்லாம் குழந்தைகளின் அளவு, ஆகவே பன்பாய் விரித்து வட்டமாக இருப்போம். யார் புதிதாக வந்தாலும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. சீனி கூடப் போட்டு, விளிம்பு வரை நிறைத்துக் கொடுப்பேன், அதுதான் மரியாதை என்று நினைத்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் அதைக் கையில் எடுக்கமாட்டார்கள், ஆறவிட்டுவிட்டுப் போவார்கள். கூச்சம் என்று எழுதி வைத்தேன். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், நான் ஓரமாக இருந்தேன். வயலில் கூலி வேலை செய்கிற, குடியை விட்டு நாலு வருடமான ஒரு ஐயா கேத்தலைத் தூக்கினார். அன்று புதிதாக வந்த பெடியனுக்கு அரைக் கிளாஸ் மட்டும் ஊற்றினார். ஊற்றிவிட்டு அவனைப் பார்க்காமல் அங்கால் திரும்பி மற்றவரோடு கதைக்கத் தொடங்கினார். அவன் இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்து, நடுங்க நடுங்க, ஒரு துளி சிந்தாமல் குடித்து முடித்தான். பிறகு அவரே இன்னொரு அரைக் கிளாஸ் ஊற்றினார். நிறைத்துக் கொடுத்தால் கை நடுக்கத்தில் சிந்தும், சிந்தினால் எல்லாரும் பார்ப்பார்கள், அதற்குப் பயந்துதான் தொடாமல் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. இரண்டு டிப்ளோமா வைத்திருக்கும் நான் வருடக்கணக்காக நிறைத்தே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெடியன் அடுத்த கிழமையும் வந்தான். ஐயாவிடம்தான் வந்தான், என்னிடம் இல்லை.

அந்தக் கூட்டத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான். தான் மட்டும்தான் இப்படி ஒரு கேடுகெட்டவன் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர், பிள்ளையின் உண்டியலை உடைத்துக் குடித்த கதையை இன்னொருவர் அமைதியாகச் சொல்வதைக் கேட்கிறார். சொன்னவர் இப்போது சுகமாக இருக்கிறார், பிள்ளை உயர்தரம் படிக்கிறது. அதைக் கேட்கும்போது முகத்தில் நடக்கும் மாற்றத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நான் ஒரு மணித்தியாலம் கதைத்தும் அந்த மாற்றம் வந்ததில்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள், அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கொக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் அமைப்பு 2006இல் இதைப் பார்த்துவிட்டு, பயன் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றது. 2020இல் திரும்பவும் பார்த்தது. 27 ஆய்வுகள், 10,565 பேர். இந்தமுறை, ஒழுங்கான முறையில் இந்தக் கூட்டங்களோடு இணைக்கப்பட்டவர்களில் ஒரு வருடம் கழித்து முழுதாகக் குடியில்லாமல் இருந்தவர்கள் 100க்கு 42 பேர், மற்றச் சிகிச்சைகளுக்குப் போனவர்களில் 100க்கு 35 பேர் என்று கண்டது. அதாவது நல்ல பயன் இருக்கிறது, ஆனால் மந்திரம் இல்லை. நூறில் 58 பேர் ஒரு வருடத்துக்குள் ஒருமுறையாவது குடித்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. அங்கே குடியை விட்டவர் வேறு தெருவுக்கு வீடு மாறலாம், இங்கே தவறணைக்குப் போகிற வழியும் வயலுக்குப் போகிற வழியும் ஒன்றாக இருக்கும். அதே கணக்கு இங்கேயும் வரும் என்று நான் சொல்லமாட்டேன். எதனால் பயன் வருகிறது என்று பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை எனக்குப் பிடித்தது. பெரும்பாலானவர்களுக்கு உதவியது பழகும் ஆட்கள் மாறியதுதான், குடிக்கிற சிநேகிதர் குறைந்து குடிக்காத சிநேகிதர் கூடியது. கடவுள் நம்பிக்கை கூடியதால் வந்த பயன், குடி மிகவும் முற்றியவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. என் அனுபவத்திலும் ஏறத்தாழ அப்படித்தான்: முதலில் ஆட்கள் பிடித்து நிறுத்துகிறார்கள், சாமி பிறகு மெல்ல வருகிறார்.

வன்னிக்கென்று சில விசயங்கள் இருக்கின்றன, அவற்றை எந்த நாட்டுப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் சறுக்கும் காலம் எனக்கு இப்போது பாடம். மாசி பங்குனியில் காலபோக நெல்லு வித்துக் காசு கையில் வரும்போது. செத்த வீட்டில், பிறகு எட்டிலும் அந்தியேட்டியிலும், பந்தலுக்குப் பின்னால் போத்தல் உடைக்கும்போது. அதைவிட மே மாதம், 2009இல் போர் முடிந்த மாதம். மே பிறந்தாலே எங்கள் பாயில் பேச்சுக் குறைந்துவிடும். அந்த மாதம் மட்டும் ஞாயிறோடு சேர்த்துப் புதனும் கூடுகிறோம். அந்த நாட்களில் யாரும் படிகளைப் பற்றிக் கதைப்பதில்லை. சிலர் தேவாரம் படிக்கிறார்கள், சிலர் செபமாலை உருட்டுகிறார்கள், மற்றவர்கள் சும்மா பக்கத்தில் இருக்கிறார்கள்.

சீர்செய்வது என்ற படிதான் இங்கே கடினமானது. கடைக் கடனை அடைக்கலாம், மனைவியின் அடகு வைத்த தோட்டை மீட்கலாம், அப்பாவிடம் போய் மன்னிப்புக் கேட்கலாம். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் 2009இல் போய்விட்டால்? ஒருவர் தம்பியைப் பதுங்குகுழிக்கு வெளியே தண்ணீர் எடுக்க அனுப்பியவர். நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கினார். தம்பி இறந்தது தெரியும், ஆகவே பிதிர்க்கடன் செய்ய முடிந்தது. எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் அவரோடு ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போய், அவர் தண்ணீருக்குள் இறங்கும்போது கரையில் உடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்று தொடக்கம் அவர் தம்பியின் பெயரைச் சொல்லிக் கதைக்கிறார். ஆனால் காணாமல் போனவர்களின் வீட்டில் அதையும் செய்ய முடியாது. எள்ளும் தண்ணீரும் இறைத்தால் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தாய்மார் விடமாட்டார்கள். அவர்களை நான் ஒருபோதும் வற்புறுத்துவதில்லை. அந்த நோவுக்கு எங்கள் கூட்டத்திடம் மருந்து இல்லை. பக்கத்தில் இருக்கிறோம், கனவும் திடுக்கிடலும் விடாமல் துரத்துகிறவர்களை மனநல வைத்தியரிடம் கூட்டிப்போகிறோம். உங்கள் கணவர் இரவில் கத்தி எழும்புகிறவராக இருந்தால் அதையும் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த நோவைப் பார்க்காமல் குடியை மட்டும் பிடுங்கினால் நிற்பது கடினம்.

சறுக்கினால் என்ன செய்வது? எங்கள் ஆள் ஒருவர் விடியக்காலையில் முகம் கழுவியவுடன் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் ஒரு புளியங்கொட்டை போடுவார், அன்றைய நாளுக்கான சத்தியம் அதுதான். 47 கொட்டை சேர்ந்த பிறகு ஒரு கலியாண வீட்டில் குடித்துவிட்டார். போத்தலைக் கொண்டுவந்து பாயில் வைத்து, கொட்டப்போகிறேன் என்றார். பெரிய வாக்குவாதம். முதலில் இருந்து தொடங்குவதென்றால் வெறும் போத்தலோடு தொடங்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள், பல இடங்களில் வழமையும் அதுதான். மேலே சொன்ன அந்த ஐயா மட்டும், "அந்த நாப்பத்தேழு நாளும் நீ குடிச்சனியோ?" என்று கேட்டார். இல்லை என்றார். "அப்ப அது ஏன் வெளியில போக வேணும்?" கொட்டைகள் போத்தலிலேயே இருக்கின்றன. அடையாளத்துக்கு 47க்கு மேலே ஒரு துண்டுச் சிவப்புச் சீலை வைத்து, அதற்கு மேலே போட்டுக்கொண்டு வருகிறார். எது சரியான முறை என்று எனக்கு இப்போதும் தீர்மானம் இல்லை. அவருக்கு அது உதவியது.

இரண்டு விசயத்தில் கவனமாக இருங்கள். "சாப்பாட்டில கலந்து குடுங்கோ, ஆளுக்குத் தெரியாமல் குடி நிக்கும்" என்று மருந்து விற்கிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. டைசல்பிரம் என்ற குளிசை இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால் நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து, ஆள் செத்தே போகலாம். அந்தக் குளிசை நல்லதுதான், ஆனால் அவரே அறிந்து, சம்மதித்து, வைத்தியர் பார்த்துக் கொடுக்க வேண்டும். மற்றது, கிறிஸ்தவ சபைகளில் சேர்ந்து குடி விட்டவர்கள் இருக்கிறார்கள், பலரை எனக்குத் தெரியும், அவர்கள் விட்டது உண்மை. கிழமையில் நாலு நாள் கூடுகிறார்கள், பாடுகிறார்கள், வராதவனை வீடு தேடிப் போகிறார்கள். ஆட்கள் இருப்பதால் நிற்கிறது. அதற்காக மதம் மாறத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் அதற்கு ஆதாரம் இல்லை. இருக்கிற கோயிலோடும் இதைச் செய்யலாம்.

இனி நீங்கள் என்ன செய்யலாம்? அவர் வெறியில் இருக்கும்போது இதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்க வேண்டாம். காலையில் குடிக்கத் தொடங்க முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், அது உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் சத்தியம் கேட்காதீர்கள், பிள்ளையின் தலையில் கை வைக்கச் சொல்லாதீர்கள். "ஆஸ்பத்திரிக்குப் போய் நடுக்கத்துக்கு மருந்து எடுப்பமோ?" என்று மட்டும் கேளுங்கள். குடியை விடச் சொன்னால் மறுக்கிறவர்கள்கூட நடுக்கத்துக்கு மருந்தென்றால் வருவார்கள். மனநலப் பிரிவில், குடியை விட்டு நிற்கும் ஒருவரை இவரோடு கதைக்க விடுங்கள் என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒழுங்கு செய்வார்கள், கேட்காவிட்டால் மறந்துவிடுவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1926க்கு அழையுங்கள், அது அரசாங்கத்தின் மனநல உதவி இலக்கம், தமிழிலும் கதைக்கலாம்.

உங்கள் பக்கம் கூட்டம் இல்லையென்றாலும் பரவாயில்லை. 1935இல் இருந்தது இரண்டு பேர்தான். உங்கள் கிராமத்தில் நாலைந்து வருடமாகக் குடியை விட்டு நிற்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரைப் பற்றி யாரும் கதைப்பதில்லை, குடிக்கிறவனைப் பற்றித்தான் ஊர் கதைக்கும். அவரிடம் போய்க் கேளுங்கள். புத்தி சொல்ல வர வேண்டாம், கதிரையில் இருந்து தன் கதையைச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று சொல்லுங்கள். இது அவருக்கும் உதவிதான், ஆகவே கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

உங்களுக்கும் ஆட்கள் வேண்டும். குடிக்கிறவரின் குடும்பத்துக்கென்று அல்-அனான் என்ற கூட்டம் 1951இலேயே தொடங்கிவிட்டது, பில் வில்சனின் மனைவி லோயிஸும் சேர்ந்து தொடக்கியது. அங்கே முதலில் சொல்லிக் கொடுப்பது, இந்தக் குடிக்கு நீங்கள் காரணமில்லை என்பதை. உங்கள் வெள்ளிக்கிழமை விரதத்தில் ஒரு குறையும் இல்லை. பிடிக்க மனமிருந்தால் பிடியுங்கள், அவருடைய குடிக்கு அதைக் கணக்கு வைக்காதீர்கள். கை நீட்டுகிறவர் என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும். 1938 பெண்களுக்கான இலக்கம், பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாள்தான் ஆகப் பொல்லாத நாள். அன்று அவர் பஸ்ஸில் தனியாக வரக்கூடாது. பஸ் நிற்கிற இடத்தில் என்ன கடை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். குடியை விட்ட அந்த ஆளை வாசலில் வந்து நிற்கச் சொல்லுங்கள். அன்று பின்னேரம் வீட்டில் சொந்தக்காரரைச் சேர்க்க வேண்டாம், கற்பூரம் வேண்டாம். தேத்தண்ணீர் ஊற்றினால் அரைக் கிளாஸ் ஊற்றுங்கள், கை இன்னும் கொஞ்ச நாளைக்கு நடுங்கும்.